வாரத்துல மூணு நாள் ஸ்கூல், ரெண்டு நாள் வேலை: பையனை அனுப்பலாமா?

கேள்வி:

சார், என் பையனுக்கு 16 வயசு, பத்தாவது முடிச்சிருக்கான். மார்க் சுமார்தான், 60, 65ல நிக்கும், கணக்குல மட்டும் ஒரு தடவை மேல போவான் ஒரு தடவை கவுந்துடுவான். அவன் ஸ்கூல்ல பதினொண்ணாவதுக்கு ஒரு திட்டம் வெச்சிருக்காங்க, வாரத்துல மூணு நாள் வகுப்பு, ரெண்டு நாள் ஒரு எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர்கிட்ட அப்ரண்டிஸ், மாசாமாசம் ஒரு தொகையும் தருவாங்களாம். பையன் இதுலதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவங்க அப்பா "ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவாடா இத்தனை வருஷம் படிக்க வெச்சேன்"னு கேட்டுட்டு ரெண்டு வாரமா அவன்கிட்ட பேச்சே இல்ல. நடுவுல நான். எனக்கு நாலு பயம் சார். இதுல போனா காலேஜ் கதவு மூடிடுமா? ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு ரெண்டும் இல்லாம போயிடுமா? கம்மி காசுக்கு வேலை வாங்கிட்டு அனுப்பிடுவாங்களா? பாதியில பிடிக்கலன்னா என்ன பண்றது?

பி.கு: முதல் நாள் வேலைக்கு என்னென்ன எடுத்துட்டு போகணும்னு உங்ககிட்ட கேக்க சொன்னான். நாங்க இன்னும் சரின்னே சொல்லல!

பதில்:

வணக்கம்மா. உங்க பி.குவ படிச்சிட்டு சிரிச்சிட்டேன், அதுக்கு கடைசியில பதில் சொல்றேன், தம்பிகிட்ட சொல்லுங்க.

முதல்ல ஒரு விஷயம் ஒத்துக்கறேன், நான் நடுநிலையான ஆள் இல்ல. நானும் 16 வயசுல எலெக்ட்ரிகல் அப்ரண்டிஸா போனவன்தான், அப்புறம் பல வருஷம் வயரிங் வேலை, அதுக்கப்புறம் பயிற்சி நிலையத்துல பசங்களுக்கு சொல்லிக்குடுத்தேன், இப்ப ஸ்கூல்கள்ல இந்த மாதிரி பசங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் ஆலோசனை சொல்ற வேலை. அதனால எனக்கு இந்த பாதை மேல ஒரு பாசம் இருக்கு, அத கழிச்சிட்டு படிங்க. ஆனா இந்த பாதையில ஏமாந்த பசங்களையும் நான்தான் நிறைய பாத்திருக்கேன், அதனால எங்கெங்க குழி இருக்குன்னும் தெரியும்.

அவங்க அப்பாவ பத்தி முதல்ல சொல்லிடறேன். அவர் சொன்ன வார்த்தை கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அவர் பயத்துல நியாயம் இருக்கு. அவர் காலத்துல நிறைய இடங்கள்ல தொழிற்கல்வின்னா என்ன, படிப்பு வராதவனை தள்ளி விடற இடம், உள்ள போனா வெளிய வர வழி கிடையாது, பக்கத்து வகுப்பு பையன் காலேஜ் போவான் இவன் போக முடியாது. அவர் மனசுல இருக்கறது அந்த படம். இப்பவும் சில இடத்துல அப்படித்தான் இருக்கு, சில இடத்துல சுத்தமா மாறிடுச்சு. உங்க பையனோட திட்டம் இதுல எந்த வகைன்னு கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை, அத வீட்டுல சண்டை போட்டு கண்டுபிடிக்க முடியாது, பேப்பர படிச்சுதான் கண்டுபிடிக்க முடியும். ஒப்பந்தத்தோட ஒரு காப்பிய வாங்கி அவர் கையில குடுத்து "இதுல என்ன ஓட்டை இருக்குன்னு நீங்களே பாத்து சொல்லுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. கோவமா இருக்கற மனுஷனுக்கு ஒரு வேலை குடுத்தா பாதி கோவம் போயிடும், நான் நிறைய அப்பாக்கள்கிட்ட பாத்தது.

ஏன் ஒப்பந்தம் ஒப்பந்தம்னு சொல்றேன்னா, அப்ரண்டிஸ்ங்கறது பார்ட் டைம் வேலை இல்ல. பார்ட் டைம் வேலைன்னா உழைப்ப குடுத்து காசு வாங்கறோம், கணக்கு முடிஞ்சுது. அப்ரண்டிஸ்னா முதலாளி ரெண்டு விஷயம் கடன்பட்டிருக்கார், ஒண்ணு காசு, இன்னொண்ணு கத்துக்குடுக்கறது, அந்த ரெண்டாவது கடனை அடைக்கறாருங்கற காரணத்தாலதான் முதல் கடன் சின்னதா இருக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023ல தரமான அப்ரண்டிஸ் பயிற்சிக்குன்னே தனியா ஒரு பரிந்துரை கொண்டு வந்தாங்க, அதுலயும் எழுத்துல ஒப்பந்தம், போதுமான ஊதியம், பாதுகாப்பு, முடிவுல அங்கீகாரம் உள்ள சான்றிதழ் இதெல்லாம்தான் அடிப்படையா வருது. பையனுக்கு 18 ஆகலங்கறதால அவனோட சேர்த்து உங்களையும் கையெழுத்து கேப்பாங்க. கேக்கவே இல்லன்னா, எழுத்துல எதுவுமே இல்லன்னா, அது அப்ரண்டிஸே இல்ல, வேற யாரோ நல்ல பேர் வெச்ச வேலை. அங்கயே திரும்பி வந்துடுங்க.

சரி, காலேஜ் கதவு.

ஸ்விட்சர்லாந்துல கட்டாயக் கல்வி முடிச்ச பசங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேர் இந்த தொழிற்பயிற்சி பாதையிலதான் போறாங்க. அங்க பயிற்சியோட சேர்த்தோ அது முடிச்ச பிறகோ ஒரு தொழில்சார் மேல்நிலை தேர்வு எழுதலாம், அத பாஸ் பண்ணினா அப்ளைடு சயின்ஸ் பல்கலைக்கழகங்களுக்குள்ள போகலாம், இன்னொரு துணைத் தேர்வு எழுதினா சாதாரண பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். யூபிஎஸ்னு ஒரு பெரிய பேங்க் இருக்கே, அதோட தலைமை அதிகாரியா வந்த செர்ஜியோ எர்மோட்டி ஸ்கூல் வயசுல ஒரு பேங்க்ல அப்ரண்டிஸா சேந்து மேல வந்தவர்தான். ஆஸ்திரியாவுல அப்ரண்டிஸா இருக்கும்போதே பல்கலைக்கழக நுழைவு தகுதிக்கும் சேர்த்து படிக்க 2008லேருந்து திட்டம் வெச்சிருக்காங்க. அதனால கைத்தொழில் கத்துக்கிட்டா மேல படிக்க முடியாதுங்கறது இயற்கை விதி எல்லாம் கிடையாது, யாரோ போட்ட விதி, சில நாட்டுல மாத்திட்டாங்க, சில நாட்டுல மாத்தல.

ஆனா ஸ்விட்சர்லாந்துல கதவு திறந்திருக்குன்னா உங்க பையன் ஸ்கூல்லயும் திறந்திருக்குன்னு அர்த்தம் இல்லம்மா. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஸ்கூல்ல "காலேஜ் போலாமா"ன்னு கேப்பாங்க, "ஓ தாராளமா"ன்னு பதில் வரும், சந்தோஷமா வந்துடுவாங்க. ஸ்கூலுக்கு அந்த திட்டத்துல ஆள் சேரணும், அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க கேக்க வேண்டியது காலேஜ்ல. ரெண்டு மூணு காலேஜ் அட்மிஷன் ஆபீஸுக்கு பையனே ஒரு மெயில் எழுதட்டும், இந்த பேர் உள்ள பன்னெண்டாவது சான்றிதழ், இன்னின்ன பாடங்கள், இத வெச்சு எந்தெந்த கோர்ஸுக்கு அப்ளை பண்ணலாம்னு. எழுத்துல பதில் வரட்டும். அப்பதான் உண்மை தெரியும், ஏன்னா சிக்கல் பெரும்பாலும் சான்றிதழோட பேர்ல இல்ல, உள்ள இருக்கற பாடத்துல. வேலைக்கு நேரம் ஒதுக்கணும்னு சில திட்டத்துல ரெண்டு பாடத்த எடுத்துடுவாங்க, இல்ல பெரிய கணக்குக்கு பதிலா சின்ன கணக்க வெச்சிடுவாங்க, பையனும் "அப்பாடா"ன்னு விட்டுடுவான், ரெண்டு வருஷம் கழிச்சு எலெக்ட்ரிகல் டிப்ளமோவோ இன்ஜினியரிங்கோ படிக்கணும்னு ஆசை வரும்போது அந்த கணக்கு இல்லன்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க.

அதனால இதுல நான் பிடிவாதமா ஒண்ணு சொல்வேன், கணக்க மட்டும் விடக்கூடாது. அவனுக்கு கவுந்து கவுந்து வர்ற பாடம்தான், தெரியுது. வேற ஒரு காரணமும் இருக்கு. பல நாட்டு தகவல்களை வெச்சு பொருளாதார ஆளுங்க பண்ணின ஆய்வுகள்ல தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு ஆரம்பத்துல சட்டுனு வேலை கிடைக்குது, ஆனா வயசு ஏற ஏற, தொழில்நுட்பம் மாற மாற, பொதுப்படிப்பு பலமா இருக்கறவங்க ஈடு குடுக்கறாங்க, ஆரம்பத்துல இருந்த அந்த லாபம் கரையுதுன்னு தெரிய வந்திருக்கு. 20 வயசுல தொழில் காப்பாத்தும், 45ல புது மெஷின் வரும்போது புது விஷயத்த படிச்சு புரிஞ்சுக்கற பழக்கம்தான் காப்பாத்தும். ரெண்டையும் சேர்த்து குடுக்கற திட்டம்னு சொல்றாங்க இல்லயா, அப்ப ரெண்டும் இருக்கணும்.

அவன் கணக்குக்கு இந்த வேலை நல்லது பண்ணவும் வாய்ப்பு இருக்கு. ஒரு சின்ன கதை சொல்றேன். சுவர்ல வயர் உள்ள போற கான்ட்யூட் பைப் நேரா வந்துட்டிருக்கும், நடுவுல ஒரு தூணோ பீமோ தடுக்கும், அத தாண்ட பைப்ப ஒரு இடத்துல வளைச்சு மேல ஏத்தி, இன்னொரு இடத்துல திரும்ப வளைச்சு நேராக்கணும். ரெண்டு வளைவுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் விடணும்? எங்க மேஸ்திரி "30 டிகிரின்னா ரெண்டால பெருக்கு, 45ன்னா ஒண்ணு புள்ளி நாலால பெருக்கு"ன்னு மட்டும் சொல்வார், 10 சென்டிமீட்டர் ஏத்தணும்னா 30 டிகிரிக்கு 20 சென்டிமீட்டர் விடு, அவ்ளோதான். நானும் ஒரு வருஷம் மந்திரம் மாதிரி பெருக்கிட்டிருந்தேன். ஒரு நாள் கணக்கு வகுப்புல சைன் 30ன்னா அரைன்னு போர்டுல எழுதினாங்க, எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு, அடப்பாவி அந்த ரெண்டு இங்கருந்துதான் வந்துச்சா! அரைய கவுத்துப் போட்டா ரெண்டு. அது வரைக்கும் சைன் காஸ் எல்லாம் யாரோ நம்மள கஷ்டப்படுத்த கண்டுபிடிச்சதுன்னு நெனச்சவன் நான். அதே மாதிரிதான் த்ரீ பேஸ், ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட், ரெண்டு பேஸுக்கு நடுவுல ஏன் 460 வராம 400 வருது? ரூட் மூணு, அதாவது 230ஐ ரெண்டால இல்ல, 1.73ஆல பெருக்கணும். புத்தகத்துல படிச்சா தூக்கம் வரும், மீட்டர வெச்சு தானே அளந்து பாத்தவனுக்கு வராது. எல்லா பசங்களுக்கும் இப்படி நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா கையில பிடிச்சாதான் மண்டைக்குள்ள போகும்னு ஒரு ரகம் இருக்கு, உங்க தம்பி அந்த ரகமான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு கேட்டிருந்தீங்க. அந்த பயம் உண்மையானது, அதுவும் முதல் ரெண்டு மாசம் மோசமா இருக்கும். வேலை நாள்ல காலையில போய் நாள் பூரா நின்னு, ஏணி தூக்கி, சுவர வெட்டி தூசி தின்னு வந்து படுத்தா அடிச்சு போட்ட மாதிரி தூங்குவான், ஹோம்வொர்க்காவது ஒண்ணாவது. அத பாத்து "சொன்னேன் பாத்தியா"ன்னு யாரும் ஆரம்பிச்சிடாதீங்க, உடம்பு பழக கொஞ்ச நாள் எடுக்கும். பழகின பிறகும் இருக்கற பிரச்சனை வேற: அவன் வேலைக்கு போற அந்த ரெண்டு நாள்ல ஸ்கூல்ல என்ன நடக்குது? தனியா இந்த பசங்களுக்குன்னே டைம்டேபிள் போட்டு அந்த ரெண்டு நாளும் வகுப்பே இல்லாம வெச்சிருந்தா நல்ல ஸ்கூல். மத்த பசங்களுக்கு வகுப்பு ஓடிட்டிருக்கும், இவன் வந்து நோட்ட காப்பி பண்ணிக்கணும்னா அது திட்டமே இல்ல, ஓட்டை பானை. பிசிக்ஸ் லேப் எந்த கிழமைன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்வியிலயே அவங்க யோசிச்சு பண்ணினாங்களா இல்ல பேருக்கு பண்ணினாங்களான்னு தெரிஞ்சிடும். அப்புறம் பரீட்சை மாசம். அந்த மாசம் வேலைக்கு வர வேணாம், இல்ல பாதி நாள் வந்தா போதும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கணும், வாய்ல "பாத்துக்கலாம்"னு சொன்னா அந்த மாசம்தான் அவங்களுக்கு பெரிய சைட் வேலை வரும், எழுதி வெச்சுக்கோங்க.

நேரத்த பத்தி ஜெர்மனியில ஒரு நல்ல பழக்கம், சட்டமாவே இருக்கு: 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உச்சம், அந்த 40ல தொழிற்பள்ளியில உக்காந்து படிக்கற நேரமும் அடக்கம். ஸ்கூல் தனி வேலை தனின்னு ரெண்டா எண்ண மாட்டாங்க, ஏன்னா உடம்பு ஒண்ணுதானே. உங்க இடத்துல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, சட்டம் சொல்லலன்னாலும் நீங்க வீட்டுல இந்த கணக்க போட்டு பாருங்க, ஸ்கூல் மணி, வேலை மணி, பஸ்ல போற வர நேரம் எல்லாத்தையும் கூட்டி, தூக்கத்துக்கு எட்டு மணி நேரம் மிஞ்சலன்னா எங்கயாவது வெட்டணும். சனிக்கிழமையும் வாடான்னு கூப்பிட்டா முதல் வாரத்துலயே முடியாதுன்னு சொல்லணும், ஒரு தடவை போயிட்டான்னா அது பழக்கமாயிடும்.

இப்ப காசுக்கு வேலை வாங்கற விஷயம், இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா நானே அடிபட்டவன்.

நான் முதல்ல சேந்த இடத்துல முதல் எட்டு மாசம் என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டீங்கன்னா, தரை கூட்டவும் வயர் சுருட்டவும் ஏணிய பிடிச்சுக்கிட்டு நிக்கவும் கத்துக்கிட்டேன். கூட்டறது தப்பில்ல, எல்லாரும் கூட்டணும், ஆனா கூட்டறது மட்டுமே வேலைன்னா அது கூட்டறவருக்கான வேலை, அதுக்கு அப்ரண்டிஸ் ரேட் குடுக்கக்கூடாது. எனக்கு பயிற்சி பதிவேடுன்னு ஒண்ணு குடுத்திருந்தாங்க, ஒவ்வொரு வாரமும் என்ன பண்ணினேன்னு எழுதி மேற்பார்வையாளர்கிட்ட கையெழுத்து வாங்கணும், நான் வாங்கல, கேக்க கூச்சம், அவரும் கேக்கல. கடைசியில பாத்தா பதிவேடு காலி, அந்த எட்டு மாசத்துல ஆறு மாசம் கணக்குல எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. இடத்தோட பேர் சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல, அந்த கூச்சம்தான் என் தப்பு. ஜெர்மனியில அந்த பதிவேடு இல்லாம கடைசி பரீட்சையே எழுத விட மாட்டாங்க, பயிற்சிக்கு சம்பந்தம் இல்லாத வேலைய அப்ரண்டிஸ்க்கு குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அங்கயும் எல்லாரும் ஒழுங்கா நடந்துக்கறாங்கன்னு இல்ல, ஆனா கேக்கறதுக்கு ஒரு பேப்பராவது கையில இருக்கு.

அதனால அந்த கான்ட்ராக்டர நேர்ல போய் பாருங்க, அப்பாவும் கூட வந்தா ரொம்ப நல்லது. எவ்ளோ தருவீங்கன்னு கடைசியா கேளுங்க. முதல்ல, என் பையனுக்கு யார் கத்துக்குடுப்பாங்க, அவர் பேர் என்ன, அவர்கிட்ட இப்ப எத்தனை பசங்க இருக்காங்க, இத கேளுங்க. "எல்லாரும் சொல்லிக்குடுப்பாங்க"ன்னு பதில் வந்தா யாருமே சொல்லிக்குடுக்க மாட்டாங்கன்னு அர்த்தம். ஒரு பேர் வரணும், அந்த ஆள கூப்பிட்டு கை குடுக்க வெக்கணும். ஒருத்தருக்கு ஒண்ணு ரெண்டு பசங்கன்னா பரவால்ல, ஒரே ஒரு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன், அவருக்கு கீழ எட்டு பசங்கன்னா அது பயிற்சி இல்ல, மலிவா ஆள் பிடிக்கறது. அப்புறம் போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் இருந்த பசங்க இப்ப எங்கன்னு கேட்டு, அதுல ஒருத்தன்கிட்ட நீங்க இல்லாம உங்க பையன் மட்டும் தனியா பேசட்டும். பெரியவங்க முன்னாடி சொல்லாதத பசங்க தங்களுக்குள்ள அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. விபத்துன்னா இன்சூரன்ஸ் யார் பேர்ல, எதுவரைக்கும்ங்கறதையும் எழுத்துல பாத்துடுங்க.

தொகை சின்னதா இருக்கறத வெச்சு மட்டும் ஏமாத்தறாங்கன்னு சொல்லிட முடியாது. நார்வேயில பொதுவா ரெண்டு வருஷம் ஸ்கூல் ரெண்டு வருஷம் கம்பெனின்னு வெச்சிருக்காங்க, அந்த கம்பெனி காலத்துல தேர்ந்த தொழிலாளி சம்பளத்துல 30 சதவீதத்துல ஆரம்பிச்சு 80 சதவீதம் வரைக்கும் படிப்படியா ஏத்துவாங்க. பையனுக்கு வேலை தெரியத் தெரிய காசு ஏறுது, அதுதான் பாக்கணும். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே தொகைன்னா, அவன் ஒண்ணும் கத்துக்கப் போறதில்லன்னு அவங்களே எழுதிக் குடுக்கற மாதிரி.

காசு பத்தி இன்னொண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அந்த காச வீட்டுச் செலவுக்கு எடுக்காதீங்க. உங்க நிலைமை எனக்கு தெரியாது, கஷ்டமா இருந்தா இத சொல்றது சுலபம்னு நீங்க நெனைக்கலாம், ஆனா ஏன் சொல்றேன்னா, வீடு அந்த காசுக்கு பழகிடுச்சுன்னா அப்புறம் அவனால அத விட முடியாது. நாளைக்கு அங்க கத்துக்குடுக்கல, தப்பா நடத்தறாங்க, இல்ல பரீட்சைக்கு லீவு வேணும், எது வந்தாலும் "வீட்டுக்கு குடுக்கணுமே"ன்னு பல்ல கடிச்சிட்டு இருப்பான், சொல்லவும் மாட்டான். எனக்கு தெரிஞ்சு இந்த பாதையில பன்னெண்டாவத முடிக்காம விட்ட பசங்கள்ல பல பேர் படிப்பு வராம விடல, காச விட முடியாம ஸ்கூல விட்டவங்க. அவன் பேர்ல ஒரு அக்கவுண்ட் திறந்து அதுல போடட்டும், பஸ் காசு, டூல்ஸ், ஷூ எல்லாம் அதுலேருந்து அவனே பாத்துக்கட்டும்.

கரண்ட் வேலைங்கறதால பாதுகாப்பு பத்தி தனியா. அபாயமான வேலைக்கு 18 வயசுங்கறதுதான் உலக அளவுல பொது விதி, 16லேருந்து விடலாம்னா முழு பாதுகாப்பும் சரியான பயிற்சியும் இருந்தா மட்டும்தான்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1973 உடன்படிக்கை சொல்லுது. இந்தியாவோட அப்ரண்டிஸ் சட்டம் 1961ல வந்தது, அதுலயும் 14 வயசுலேருந்து சேரலாம் ஆனா அபாயமான தொழில்னா 18னு இருக்கு. உங்க ஸ்கூல் 16 வயசு பையனை எலெக்ட்ரிகலுக்கு அனுப்புதுன்னா எந்த விதியில அனுப்பறீங்கன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. நடைமுறையில, லைன்ல கரண்ட் இருக்கும்போது அவன் கை வெக்கவே கூடாது, மெயின ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, டேக் மாட்டி, டெஸ்ட் பண்ணி லைன்ல கரண்ட் இல்லன்னு தெரிஞ்சாதான் தொடணும், டெஸ்டர் வேலை செய்யுதான்னு முதல்ல கரண்ட் இருக்கற வேற இடத்துல பாத்துட்டு அப்புறம் இங்க பாக்கணும். "அதான் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கே, ட்ரிப் ஆயிடும்"னு சில பேர் அசால்ட்டா சொல்வாங்க. அது போற கரண்டுக்கும் திரும்பி வர்ற கரண்டுக்கும் வித்தியாசம் வந்தாதான் விழும், வழக்கமா 30 மில்லி ஆம்பியர்ல. ஒரு கை பேஸ்ல ஒரு கை நியூட்ரல்ல பட்டுடுச்சுன்னா, கால் எர்த் ஆகாம இருந்தா, அதுக்கு வித்தியாசமே தெரியாது, ஆளை ஒரு பல்பு மாதிரி நெனச்சுக்கும். இத தம்பிக்கு பயமுறுத்த சொல்லல, "முடியாது அண்ணே, ஆஃப் பண்ணுங்க, அப்புறம் செய்யறேன்"னு சொல்ல தைரியம் வரட்டும்னு சொல்றேன். அப்படி சொன்னதுக்காக திட்டற இடம்னா அன்னைக்கே வீட்டுக்கு வந்துடணும், நீங்களும் ஏன்டா வந்தேன்னு கேக்கக்கூடாது.

பாதியில பிடிக்கலன்னா? நல்ல ஒப்பந்தத்துல ஒரு சோதனை காலம் இருக்கும், ஜெர்மனியில ஒண்ணுலேருந்து நாலு மாசம், அதுக்குள்ள ரெண்டு பக்கமும் காரணம் சொல்லாம விலகிக்கலாம். உங்க பேப்பர்ல அது எத்தனை நாள்னு பாருங்க, விலகினா ஸ்கூல்ல சாதாரண டைம்டேபிளுக்கு திரும்ப இடம் உண்டா, எந்த தேதி வரைக்கும்னும் கேளுங்க, இதுல ரெண்டாவதுதான் முக்கியம், அந்த தேதி போயிடுச்சுன்னா ஒரு வருஷம் போயிடும். அதுக்கு அப்புறம் விட்டாலும் அதுவரைக்கும் முடிச்ச பாடப் பகுதிகளுக்கு எழுத்துல சான்று வாங்கிடணும், வேற இடத்துல சேந்தா அத கழிச்சுக்குவாங்க. இன்னொரு விஷயம், பன்னெண்டாவது முடிக்கும்போது அவன் முழு எலெக்ட்ரீஷியன் ஆகிட மாட்டான். வாரத்துக்கு ரெண்டு நாள் வேலையில ரெண்டு வருஷத்துல ஒரு முழு தொழிலுக்கான மணி நேரம் சேராது. ஆஸ்திரேலியாவுல ஸ்கூல்ல இருக்கும்போதே அப்ரண்டிஸா சேர்ற பசங்களும் பன்னெண்டாவதுக்கு அப்புறம் முழு நேரமா தொடர்ந்துதான் தொழில முடிக்கறாங்க. உங்களுக்கு யாராவது ரெண்டே வருஷத்துல லைசென்ஸ்னு சொல்லியிருந்தா நம்பாதீங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா போய் பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. ஸ்விட்சர்லாந்துல இதுக்குன்னே ஒரு வழக்கம் இருக்கு, ஒப்பந்தம் போடறதுக்கு முன்னாடி பசங்க சில நாள் ஒரு இடத்துல போய் இருந்து பாப்பாங்க, அதுக்கு அவங்க வெச்சிருக்கற பேருக்கு மோந்து பாக்கற பயிற்சின்னுதான் அர்த்தம் வரும். நல்ல பேர்! அஞ்சு நாள்ல பையனுக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். அந்த அஞ்சு நாளுக்கு காசு இல்லடான்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் காலையில நீங்க எழுப்பாம எழுந்து போனான்னா எனக்கு சந்தேகமே இல்ல. முகம் சுருங்கிச்சுன்னா அவனுக்கு வேணும்கறது அந்த தொழில் இல்ல, கையில கொஞ்சம் காசு, இல்ல ஏதோ ஒரு வாத்தியார்கிட்டருந்து தப்பிக்கறது, அதுக்கு வேற வழி பாக்கலாம், இவ்ளோ பெரிய முடிவு தேவையில்ல.

நான் எப்ப வேணாம்னு சொல்வேன்னா, பேப்பர்ல கத்துக்குடுக்கற ஆள் பேர் இல்லன்னா, ஸ்கூல் வகுப்பு அவன் இல்லாம ஓடும்னா, கணக்க எடுத்துட்டாங்கன்னா. இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் பேசி சரி பண்ண பாருங்க, சரி பண்ணலன்னா இந்த வருஷம் வேணாம், சாதாரணமா பதினொண்ணாவது போகட்டும், பன்னெண்டாவது முடிச்சிட்டு முழு நேர அப்ரண்டிஸா சேர்றதுக்கு நிறைய இடத்துல வழி இருக்கு, ஒண்ணும் குடி முழுகிடாது. மூணும் சரியா இருந்தா நான் அனுப்பி வெச்சிருப்பேன்.

அவங்க அப்பா அப்பவும் பேசலன்னா, அந்த மோந்து பாக்கற வாரத்துல ஒரு நாள் சாயந்திரம் அவர போய் பையனை கூட்டிட்டு வர சொல்லுங்க. உள்ள போக வேணாம், வாசல்ல நின்னு, அவன் என்ன பண்ணிட்டிருக்கான்னு ஒரு அஞ்சு நிமிஷம் பாத்தா போதும்.

தம்பி, உன் கேள்விக்கு வரேன். முதல் நாள் டூல்ஸ் எதுவும் வாங்கிட்டு போகாத, என்ன வாங்கணும்னு அங்க சொல்வாங்க, இப்ப வாங்கினா தப்பா வாங்குவ. நல்ல மூடின ஷூ, அடி கெட்டியா இருக்கணும், பாதுகாப்பு ஷூ அவங்களே குடுப்பாங்களான்னு முன்னாடியே ஒரு போன் போட்டு கேட்டுக்கோ. காட்டன் சட்டை, தொளதொளன்னு தொங்காத மாதிரி. மோதிரம், செயின், இரும்பு வாட்ச் எல்லாம் வீட்டுல கழட்டி வெச்சிட்டு போ. பாக்கெட்ல போற அளவுக்கு ஒரு சின்ன நோட்டு, பென்சில், பேனா வேணாம் சுவர்ல எழுதாது. அந்த நோட்டுல தினமும் சாயந்திரம் பஸ்ல உக்காந்து இன்னைக்கு என்ன பண்ணினேன்னு மூணு வரி எழுது, வெள்ளிக்கிழமை ஆனா பதிவேட்டுல ஏத்தி கையெழுத்து கேளு. அவர் பிஸியா இருப்பார், அப்புறம் வாடாம்பார், நீ அங்கயே நில்லு.